முசியே படுத்த பெட்டி

பித்தளை மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொண்டையைச் செருமினார் எங்கள் பிரசிடெண்ட் கலியமூர்த்தி.

"அவசரக் கூட்டம் ஆரம்பம். இன்னைக்குப் பொருள் ஒண்ணே ஒண்ணுதான். நம்ம முசியே ஞானப்பிரகாசம் உயிரோட இருக்காருங்கறதை வெளியில சொல்றதா, வேணாமா?"

கூட்டம் நடந்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் மணமகள் அறை. போன முகூர்த்தத்துப் பெண் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் அப்படியே இருந்தன. மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. சித்திரை வெயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

முசியே எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு டம்ளர் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். மீசையில் ஒரு சேமியா.

"எனக்கு ஓட்டு உண்டா?" என்று கேட்டார்.

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் செக்ரட்டரி. சங்கத்தின் சட்டதிட்டமெல்லாம் என் தலைக்குள் இருக்கிறதென்று அவருக்கு ஒரு குருட்டு நம்பிக்கை.

"உயிரோட இருக்கற மெம்பருக்கு ஓட்டு உண்டு," என்றேன்.

"அதைத்தானே மேடம் இன்னும் முடிவு பண்ணலை," என்றார் பிரசிடெண்ட்.

எத்தனையோ கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மரக்கன்று நடுவதா, நட்ட இடத்திலேயே மறுபடி நடுவதா என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்ட கூட்டமெல்லாம் உண்டு. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பெட்டி வந்த கதை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மரகதம். காரைக்காலில் நானும் என் வீட்டுக்காரரும் பிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறோம். அலைகள் சேவைச் சங்கத்துக்கு நான் செக்ரட்டரி ஆனதற்குக் காரணம் என் திறமை இல்லை. பேனர் இலவசமாகக் கிடைக்கும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். போட்டவர்கள் எல்லாம் மாறிவிட்டார்கள், நான் மட்டும் மாறவில்லை.

ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்று நாங்கள் கூப்பிடுகிற ஞானப்பிரகாசம் எங்கள் ஊர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பீரங்கிப் பிரிவில் இருந்தவர். காது கொஞ்சம் மந்தம், முதுகு மட்டும் இன்னும் நேர். காலையில் பேக்கரிக்கு ரொட்டி வாங்கப் போனால்கூட இஸ்திரி போட்ட சட்டைதான். ஒரே மகன் மிக்கேல், பாரிஸ் பக்கம் வேலை.

சில வருஷங்களுக்கு முன்னால், இதே மாதிரி ஒரு சித்திரையில், முசியேயின் சம்சாரம் மதலேன் அம்மா காலமானார். மகன் விமானத்தில் கிளம்பிவிட்டான். ஊரில் அப்போது வாடகைக்கு இருந்த ஐஸ் பெட்டி இரண்டே இரண்டு. இரண்டும் வேறு வேறு வீட்டில் இருந்தன. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவந்து சுற்றி அடுக்கிப் பார்த்தார்கள். அந்த வெயிலுக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், எடுத்துவிட்டார்கள். மிக்கேல் பயணப் பெட்டியோடு வந்து இறங்கியபோது கல்லறையில் பூ கூட வாடியிருந்தது.

அவன் அப்பாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எனக்காக ஒரு நாள் காத்திருக்க முடியலையாப்பா?"

அன்றைக்கே திரும்பிப் போனவன்தான். அப்புறம் வரவே இல்லை. பண்டிகைக்கு போன் வரும். "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன்." அதோடு சரி.

முசியே பதில் பேசுகிற ஆள் இல்லை. சேமிப்பை எடுத்தார், சொந்தச் செலவில் புத்தம் புதிதாக ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் வாங்கி எங்கள் சங்கத்துக்குக் கொடுத்தார். "யாரு வீட்டுக்கு வேணும்னாலும் கொடுங்க. காசு வாங்கக்கூடாது. தூரத்துல இருந்து புள்ள வர்ற வீடா இருந்தா முதல்ல கொடுங்க," என்றார்.

பெட்டியின் பக்கவாட்டில் மதலேன் அம்மா பேரை எழுதினோம். ஸ்டிக்கர் என் உபயம்.

போணி ஆகாத பெட்டி

பெட்டியை எங்கே வைப்பது? கலியமூர்த்திக்கு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற பெரிய ஷோரூம் இருக்கிறது. அங்கேயே வைத்தார். வைத்ததோடு விட்டாரா? பழக்க தோஷத்தில் கடைப் பையன்கள் அதற்கும் ஒரு அட்டை மாட்டிவிட்டார்கள். 'ஐந்து வருட கம்ப்ரசர் வாரண்டி.'

நெரவியிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "இது எத்தனை லிட்டருங்க?" என்று அந்தப் பெண் கேட்டதாம். கலியமூர்த்தி பதில் சொல்லாமல் பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அட, அது கூடப் பரவாயில்லை. பெட்டியைக் கேட்டு ஒருவரும் வரவில்லை என்பதுதான் பெரிய கூத்து. ஊரில் சாவு நின்றுவிட்டதா என்றால் இல்லை. வாடகைப் பெட்டிக்குப் பணம் கொடுத்து எடுக்கிறார்கள், எங்கள் இலவசப் பெட்டி பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்கிறார்கள்.

காரணம் விழிதியூரிலிருந்து வந்த ஒருவர் வாயால் தெரிந்தது. அவருடைய பெரியப்பா இறந்திருந்தார். வேனையே கொண்டுவந்துவிட்டார். நாங்கள் நாலு பேர் பெட்டியைத் தூக்கியும் ஆயிற்று. அப்போது கேட்டார்.

"இதுக்கு முன்னால யாரு வீட்டுக்குப் போச்சுங்க?"

"நீங்கதான் முதல்," என்றார் கலியமூர்த்தி, சந்தோஷமாக.

"போணியே ஆகலையா?" மனிதர் இரண்டடி பின்வாங்கினார். "எங்க பெரியப்பாவை வச்சா போணி பண்ணப் பாக்குறீங்க? எங்க குடும்பத்துல இன்னும் ஏழெட்டு வயசாளிங்க இருக்காங்கய்யா. அடுத்தடுத்து எங்க வீட்டுக்கே வந்து நிக்கும். போணி ஆனதும் சொல்லி விடுங்க."

காலி வேன் திரும்பிப் போனது. கடைத்தெருவில் போணிக்குப் பேர் போன ஊர் எங்களுடையது. காலையில் முதல் வியாபாரம் கைராசிக்காரர் கையால் நடக்க வேண்டும் என்று ஷட்டரைப் பாதி திறந்து வைத்துக் காத்திருக்கிறவர்கள் உண்டு. அதே கணக்கை ஐஸ் பெட்டிக்கும் போடுவார்கள் என்று யார் கண்டது?

எங்கள் பொருளாளர் ஹாஜா பாய். இரும்புச் சாமான் கடை, துபாயில் பல வருஷம் இருந்து வந்தவர். அவரிடம் கேட்டோம். "எங்க ஆளுங்கள்ல மௌத்துன்னா அன்னைக்கே அடக்கணும். உங்க பெட்டி எங்களுக்கு வேலைக்காகாது. என்னை விட்டுருங்க," என்று கழன்றுகொண்டார்.

முசியே தினமும் சாயங்காலம் ஷோரூமுக்கு வருவார். பெட்டியைத் துடைப்பார். "இன்னைக்கும் யாரும் கேக்கலையா?" என்பார். இல்லை என்று சொல்லிவிட்டு நானும் ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்குவேன். ஊரில் யாரும் சாகவில்லையே என்று வருத்தப்படுகிற நிலைமைக்கு ஒரு சேவைச் சங்கம் வந்ததை நினைத்தால் அழுவதா சிரிப்பதா தெரியாது.

"மதலேன் பேரு போட்டதாலயா மரகதம்மா?" என்று ஒரு நாள் கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

ஒரு கத்தரிக்கோலும் இரண்டு சங்கமும்

கதைக்கு நடுவே இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருகிற புறா உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஊரில் உதயம் சேவைச் சங்கம் என்று இன்னொன்று இருக்கிறது. அது எங்களிலிருந்து பிரிந்து போனது. கொள்கை வேறுபாடெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. ஒரு நிழற்குடைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட ஒரே ஒரு கத்தரிக்கோல் இருந்தது, வெட்டுவதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு வளையத்தில் விரலை விட்டு வெட்டினார்கள். ரிப்பன் வெட்டுப்படவில்லை, ஒருவர் கட்டை விரல் வெட்டுப்பட்டது. மறு வாரமே உதயம் உதயமாகிவிட்டது.

அன்றிலிருந்து நாங்கள் கண் முகாம் வைத்தால் அவர்கள் பல் முகாம் வைப்பார்கள். நாங்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டால் எதிர்ப்பக்கம் மோர்ப் பந்தல் வரும். நாங்கள் ஐஸ் பெட்டி வாங்கினோம் என்று தெரிந்ததும் அவர்கள் ஊரில் நடக்கிற ஒவ்வொரு துக்கத்துக்கும் முந்திக்கொண்டு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர்கள் அழத் தொடங்குவதற்கு முன் பிளெக்ஸ் நின்றிருக்கும். அவ்வளவு வேகம்.

விழா

முசியேதான் வழி சொன்னார். "நானே போணி பண்றேன்."

எங்களுக்குப் புரியவில்லை.

"எல்லாரும் பாக்க நான் உள்ள படுக்கறேன். கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்திரிச்சு வர்றேன். படுத்தவன் எழுந்து வந்துட்டா ஜனங்களுக்குப் பயம் விட்டுப் போயிரும். பீரங்கிக்குப் பக்கத்துல தூங்கினவன், இந்தப் பெட்டிக்கா பயப்படுவேன்?"

கலியமூர்த்திக்கு ஒரே குஷி. டெமோ என்றால் அவருக்கு உயிர். தெரிந்த மண்டபம் ஒன்று சும்மா கிடைத்தது. வாசலில் 'நல்வரவு' வளைவு, பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டு. மேடையில் மணமக்கள் உட்காருகிற சிம்மாசன நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் பெட்டி. தலைமாட்டில் குத்துவிளக்கு. அதைத் தலைமாட்டில் வைக்காதீர்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "அங்கதான் மேடம் போட்டோவுல நல்லா விழும்," என்றார் பிரசிடெண்ட்.

கும்பகோணத்திலிருந்து எங்கள் மண்டலத் தலைவர் வந்திருந்தார். அந்த வெயிலில் கோட்டு. கோட்டு முழுக்கப் பேட்ஜ். ரிப்பன் வெட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பெட்டி ஒரு வீட்டோடு நின்றுவிடக் கூடாது. இங்கே அமர்ந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் இது வர வேண்டும். குடும்பத்தோடு நீங்கள் பயன்பெற வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்."

முன் வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். "முதல்ல ஒன் வீட்டுக்கு வரட்டும்," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் சந்தனத்தை அழித்துக்கொண்டே போனார். பின்னாலேயே இரண்டு வரிசை காலியானது.

முசியே மேடை ஏறினார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பட்டாளத்துப் பதக்கங்கள். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தார், உள்ளே படுத்தார். மூச்சுக்காற்றுக்காக ஹாஜா பாய் தன் கைக்குட்டையை மடித்து மூடிக்கு இடையில் செருகி விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டார். "நல்லா இருக்கா முசியே?" என்று குனிந்து கேட்டார். உள்ளேயிருந்து கட்டை விரல் உயர்ந்தது.

அப்புறம் நிகழ்ச்சி நிரலில் இருந்தது மதலேன் அம்மாவுக்கு மௌன அஞ்சலி. எல்லாரும் எழுந்து நின்றோம். தலையைக் குனிந்தோம். அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர் ஒன்றை எடுத்தார். கலியமூர்த்தி அதை உடனே வாட்ஸப்பில் போட்டார்.

அந்தப் போட்டோவை நீங்கள் மனதில் கொஞ்சம் பார்க்க வேண்டும். நடுவில் கண்ணாடிப் பெட்டி. பெட்டி மேல் மாலை. உள்ளே முசியே, கண் மூடி, கை கட்டி. தலைமாட்டில் விளக்கு. சுற்றிலும் நாங்கள் அத்தனை பேரும் தலை குனிந்து. கீழே கலியமூர்த்தி எழுதியது: 'முசியே ஞானப்பிரகாசம் அவர்களுக்கு அலைகள் சங்கம் என்றென்றும் நன்றியுடன்.'

இதற்குள் மண்டலத் தலைவர் இன்னொரு ரவுண்டு பேசத் தொடங்கியிருந்தார். கரண்ட் போய் மண்டபத்து ஏசி நின்றுபோனது. ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது பெட்டி ஒன்றுதான். காரைக்கால் முழுக்க வெந்துகொண்டிருந்த அந்த மத்தியானத்தில் ஜில்லென்று இருந்த ஒரே ஆள் முசியே. மனிதர் தூங்கிவிட்டார்.

பேச்சு முடிந்தது, இலை போட்டாயிற்று என்று குரல் வந்தது, எல்லாரும் ஓடினோம். வற்றல் குழம்பு வரை போய்விட்டேன். ரசத்துக்குக் கை நீட்டும்போதுதான் எனக்குப் பகீரென்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் முசியே லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பினேன். "நல்ல தூக்கம்மா. மதலேன் போனதுக்கப்புறம் இப்படி ஒரு தூக்கம் தூங்கலை," என்றார்.

"எடுத்துடாதீங்கக்கா"

அவருக்கு இலை போட்டு உட்கார வைத்தபோது என் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். சங்கத்து பேனரில் எல்லாம் என் நம்பர்தான் இருக்கும்.

"அக்கா, நான் மிக்கேல் பேசறேன்."

குரல் உடைந்திருந்தது. பாரிஸில் இருக்கிற காரைக்கால்காரர்கள் குரூப்பில் அந்தப் போட்டோ போயிருக்கிறது. அதற்குள் ஊரே அவனுக்குத் துக்கம் சொல்லி முடித்துவிட்டது.

"தம்பி, இருங்க, நான் சொல்றதைக் கேளுங்க…"

"வேணாம்க்கா, எதுவும் சொல்லாதீங்க. எப்படி, எத்தனை மணிக்குன்னு கேக்கற தெம்பு எனக்கு இல்லை. டிக்கெட் போட்டுட்டேன், ஏர்போர்ட்ல நிக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அப்பாவை அந்தப் பெட்டியிலேயே வச்சிருங்க. நான் வந்து பாக்கற வரைக்கும் எடுத்துடாதீங்கக்கா. அம்மாவை எடுத்த மாதிரி எடுத்துடாதீங்க."

போன் நின்றுவிட்டது. நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கையெல்லாம் சாம்பார். எதிரே முசியே கேட்டுக்கொண்டிருந்தார். கையில் எடுத்த அப்பளம் அப்படியே இருந்தது.

நான் அவனுக்குத் திருப்பி போன் போடப் போனேன். முசியே கையை நீட்டி என் போனை மூடினார்.

"வேணாம்மா. வரட்டும்."

ஓட்டெடுப்பு

அதனால்தான் அந்த அவசரக் கூட்டம். மணமகள் அறையும் மணியும் அதனால்தான்.

"பெத்த புள்ளகிட்ட அப்பன் செத்துட்டான்னு பொய் சொல்றதா? தோசம்," என்றார் ஹாஜா பாய். "உயிரோட உக்காந்து பாயசம் குடிக்கற மனுசனை மௌத்தாயிட்டாருன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அல்லா கேப்பான்."

"நாம எங்க பாய் சொன்னோம்? அவரா நினைச்சுக்கிட்டாரு," என்றார் கலியமூர்த்தி. "கஸ்டமர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுக்கு கம்பெனி பொறுப்பில்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க பேசறீங்க? அந்தப் புள்ள விமானத்துல அத்தனை நேரம் அழுதுக்கிட்டே வரும். ஏறுறதுக்கு முன்னால சொல்லிடணும். முசியே, நீங்க செய்யறது நல்லா இல்லை. அவ்வளவுதான் நான் சொல்வேன்."

முசியே டம்ளரைக் கீழே வைத்தார். மீசையைத் துடைத்தார்.

"மரகதம்மா, இத்தனை வருசமா நான் உயிரோடதான் இருந்தேன். அவன் வரலையேம்மா."

  போனைப் பைக்குள் போட்டேன்.

கை தூக்கச் சொன்னார்கள். சொல்லலாம் என்று பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர். நான் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. மணி தட்டி, யோசித்து, இறந்ததாகக் கருதப்படுகிற உறுப்பினருக்கும் ஓட்டு உண்டு என்று பிரசிடெண்ட் தீர்ப்பு சொன்னார். முசியே கையைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது. இறந்தார் என்று யாரும் சொல்லக்கூடாது, இருக்கிறார் என்றும் யாரும் சொல்லக்கூடாது. ஹாஜா பாய் தன் போனை அணைத்து டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

புறா

மண்டபத்தை விட்டு வெளியே வந்தால், தெருமுனையில் உதயம் சங்கத்தின் பிளெக்ஸ் நிற்கிறது. ஆள் உயரம். கண்ணீர் அஞ்சலி. முசியே படத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் புறா, கீழே மெழுகுவர்த்தி, அதற்கும் கீழே உதயம் தலைவர் முசியேயைவிடப் பெரிய படத்தில் கும்பிட்டுக்கொண்டு.

மூலையில் அச்சகத்தின் பேரைப் பார்த்தேன். என் கடை.

வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கத்தினேன். "ஆர்டர் வந்துச்சு, அடிச்சேன்," என்றார் நிதானமாக. "நீதான் அந்தப் போட்டோவுல தலைய குனிஞ்சுக்கிட்டு முதல் ஆளா நிக்கறே. நான் யாரைப் போய்க் கேக்கறது?"

முசியேயை ஆட்டோவில் மறைத்து வீட்டுக்குக் கூட்டிப்போகும்படி ஹாஜா பாயிடம் சொன்னால், முசியே அந்த பிளெக்ஸ் முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். தலையில் போர்த்திய துண்டோடு மேலும் கீழும் படித்தார்.

"மறைவுன்னு போட்டதைக்கூட மன்னிச்சிருவேன். என் வயசை மூணு வருசம் கூட்டிப் போட்டிருக்கான் பாரு. அப்புறம் இந்தப் புறா எதுக்கு? நான் பீரங்கிப் படை."

முசியே வீட்டிலோ கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. கலியமூர்த்தி பெட்டியையும் அங்கேயே கொண்டுவந்து இறக்கியிருந்தார். கூடத்து வாசலில் நான் நின்றுகொண்டு, "புள்ள வந்ததும்தான் பாக்க முடியும்," என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன். அது பொய் இல்லை. பின்வாசல் வழியாக உள்ளே வந்திருந்த முசியே சமையலறைக் கதவிடுக்கில் நின்று யார் யார் வருகிறார்கள், யார் அழுகிறார்கள், யார் சும்மா மூக்கை உறிஞ்சுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வாத்தியார் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்துவிட்டு, "அவனோட பதினஞ்சு வருசமா நான் பேசறதில்லையே," என்று கலங்கினார்.

பூவம் தாண்டியாச்சு

மறுநாள் பகல். சென்னையிலிருந்து வருகிற கார் பூவத்தில்தான் எங்கள் எல்லைக்குள் நுழைய வேண்டும். அங்கே டீக்கடையில் கலியமூர்த்தி ஷோரூம் டிரைவரை உட்கார வைத்திருந்தோம்.

முசியே காலையிலேயே குளித்து, சவரம் செய்து, பதக்கங்களோடு தயாராகிவிட்டார். திட்டம் இதுதான். வாசலில் நாற்காலி போட்டு நேராக உட்கார்ந்திருப்பது. மகன் இறங்கியதும் எழுந்து நின்று கை நீட்டுவது. எனக்கும் அது சரியென்று பட்டது. பொய் வாசலோடு முடிந்துவிடும்.

டிரைவரிடமிருந்து போன். "மேடம், வண்டி பூவம் தாண்டிருச்சு. தம்பி மாலையெல்லாம் வாங்கி மடியில வச்சிருக்காரு."

முசியேயின் முகம் வெளிறியதை அப்போது பார்த்தேன். பீரங்கிக்குப் பக்கத்தில் தூங்கிய மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"திட்டுவான்மா," என்றார்.

"திட்டத்தான் செய்வாரு. திட்டாம கொஞ்சுவாரா?"

"நின்னுக்கிட்டு என்னால கேக்க முடியாது. படுத்துக்கிட்டுக் கேக்கறேன்."

நான் தடுக்குமுன் விறுவிறுவென்று கூடத்துக்குப் போனார். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தார். படுத்துவிட்டார். வாசலில் கார் கதவு சத்தம். ஹாஜா பாய் "யா அல்லா" என்று கைக்குட்டையைத் தேடி மூடி இடுக்கில் செருகினார். கலியமூர்த்தி பழக்க தோஷத்தில் சுவிட்சையும் போட்டுவிட்டார்.

மிக்கேல் உள்ளே வந்தான். நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த இளைஞனை. வந்தது தலை நரைக்கத் தொடங்கிய ஆள். கையில் ரோஜா மாலை. யாரையும் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வந்துட்டேன்ப்பா," என்றான். "இந்தத் தடவை வந்துட்டேன்."

கண்ணாடி மேல் பனி பூத்திருந்தது. முகம் தெரியவில்லை என்று உள்ளங்கையால் துடைத்தான். அப்பா முகம் தெரிந்தது. மூக்குக்கு மேலே மட்டும் ஒரு சின்ன வட்டம் மங்கலாகவே இருந்தது. அதையும் துடைத்தான், போகவில்லை. அது உள்பக்கத்துப் பனி. பார்த்துக்கொண்டே இருந்தான். வட்டம் சுருங்கியது. பெரிதானது. மறுபடி சுருங்கியது.

 "சார், இது டிஜிட்டல் தெர்மோஸ்டாட்," என்று ஆரம்பித்த கலியமூர்த்தியின் தொடையில் கிள்ளினேன்.

மிக்கேல் மூடியைத் தூக்கினான். முசியே கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கண்ணோரத்தில் மட்டும் நீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மாலையைத் தூக்கி அப்பாவின் நெஞ்சில் அடித்தான் பாருங்கள், இதழெல்லாம் கூடம் முழுக்கச் சிதறியது. அப்புறம் வந்தது திட்டு. தமிழில் ஆரம்பித்து பிரெஞ்சுக்குப் போய் மறுபடி தமிழுக்கு வந்தது. எங்களையும் விடவில்லை. "நீங்கள்லாம் மனுசங்களா?" என்று கேட்டான். நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்து நின்றோம், போட்டோவில் நின்ற மாதிரியே. முசியே சொன்னபடி படுத்துக்கொண்டே கேட்டார். ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை.

திட்டித் திட்டி அவனுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் முசியே கண்ணைத் திறந்தார். மகனைப் பார்க்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இந்தத் தடவை காத்திருந்தேனா இல்லையா?"

மிக்கேல் முகத்திலிருந்து கையை எடுத்தான்.  நான் அழுதேன், மறைக்கவில்லை. ஹாஜா பாய் கைக்குட்டையைத் தேடினார், அது பெட்டிக்குள் விழுந்திருந்தது.

பிறகு அவன் குனிந்து அப்பாவின் கையைப் பிடித்தான். பிடித்தவன் திடுக்கிட்டு இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தான்.

"எழுந்திரிங்கப்பா," என்றான். "கை சில்லுன்னு இருக்கு."